கட்டுமானக் கழிவு மேலாண்மை

கட்டுமானக் கழிவு மேலாண்மை என்பது கட்டடங்கள், சாலைகள், பாலங்கள் முதலியவற்றைக் கட்டும்போதும், பழுதுபார்க்கும்போதும், இடிக்கும்போதும் உண்டாகும் கழிவுகளைக் குறைத்தல், வகைபிரித்தல், தேக்கி வைத்தல், கொண்டுசெல்லல், மீளப் பயன்படுத்தல், மறுசுழற்சி செய்தல், எஞ்சியவற்றைப் பாதுகாப்பாக அகற்றுதல் ஆகிய செயல்களைக் குறிக்கும். இக்கழிவின் பெரும்பகுதி மீண்டும் பயன்படக்கூடியது. ஆனால் வகைபிரிக்கப்படாமல் ஒன்றாகக் கலந்துவிட்டால் அதன் பயன்மதிப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. ஆகவே இம்மேலாண்மையின் வெற்றி தோல்வி மறுசுழற்சி ஆலைக்கு முன்பாகவே, கட்டுமானத் தளத்தில் பெருமளவு தீர்மானிக்கப்படுகிறது. மக்கள் நெருக்கம் மிகுந்த நகரங்களில் கழிவைப் பிரித்து வைப்பதற்குத் தளத்தில் இடம் இல்லாமையே முதன்மையான சிக்கலாகும்.

பெயரும் வரையறையும்

இந்தியச் சட்டங்களில் இது "கட்டுமானம் மற்றும் இடிப்புக் கழிவு" எனப்படுகிறது. கட்டடத் தொழிலில் ஈடுபட்டோர் இடிபாடுகளை "ரப்பீஸ்" என்று வழங்குவர். பள்ளமான மனைகளை நிரப்புவதற்கு இது விலைக்கு வாங்கப்படுவதும் உண்டு. அடித்தளம் தோண்டும்போது கிடைக்கும் மண்ணும் இவ்வகைக் கழிவிலேயே சேரும். வீட்டுக் குப்பை, மருத்துவக் கழிவு, தொழிற்சாலைக் கழிவு ஆகியவை இதில் அடங்கா. அவற்றுக்குத் தனி விதிகள் உள்ளன.

கூறுகள்

ஒரு கட்டடத்தில் இருந்து வெளிப்படும் கழிவைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

- மண், மணல், சரளை: பெரும்பாலும் அடித்தளப் பணியின்போது கிடைப்பவை. தூய்மையாக இருந்தால் நிரப்புப் பொருளாக நேரடியாகப் பயன்படும்.
- கற்காரை எனப்படும் கான்கிரீட்: தூண், உத்தரம், தளம், அடித்தளம் ஆகியவற்றில் இருந்து கிடைப்பது. உடைத்துச் சலித்தால் மீண்டும் ஜல்லியாகும்.
- செங்கல், சாந்து, ஓடு, தரைக்கல்: சுவர்களில் இருந்தும் தரையில் இருந்தும் கிடைப்பவை. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய சுவர்களின் செங்கற்களை முழுதாகப் பெயர்த்தெடுக்கலாம். சிமெண்ட் சாந்தால் கட்டியவற்றை அவ்வாறு எடுப்பது கடினம்.
- எஃகுக் கம்பி, அலுமினியம், செம்பு: பழைய இரும்புக் கடைகளில் உடனடியாக விலைபோகும் பொருள்கள்.
- மரம்: கதவு, நிலை, சன்னல், தூண், உத்தரம், சாரம், சென்ட்ரிங் பலகை.
- நெகிழி, கண்ணாடி, அட்டை, சிமெண்ட் பைகள், வண்ணப் பூச்சுக் கலன்கள்.
- தீங்கு தரும் பொருள்கள்: கல்நார் கலந்த கூரைத் தகடுகள், ஈயம் கலந்த பழைய வண்ணப் பூச்சுகள், பாதரசம் உள்ள குழல் விளக்குகள்.

கடைசியாகக் கூறப்பட்டவை எடையில் மிகக் குறைவு. ஆனால் அவை கலந்துவிட்டால் முழுக் குவியலும் மறுசுழற்சிக்குத் தகுதியற்றதாகிவிடக்கூடும். கல்நார்த் தகடுகளை உடைத்தால் அதன் நுண்ணிழைகள் காற்றில் கலந்து நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்கும். எனவே அவற்றை உடைக்காமல், நனைத்து, முழுத் தகடாகவே கழற்றுதல் வேண்டும்.

அளவு

இந்தியாவில் இக்கழிவின் அளவை மதிப்பிடுவதற்கு டைஃபாக் எனப்படும் தொழில்நுட்பத் தகவல், முன்கணிப்பு மற்றும் மதிப்பீட்டு மன்றம் 2000களின் தொடக்கத்தில் வெளியிட்ட வீதங்கள் பரவலாகக் கையாளப்படுகின்றன. அவற்றின்படி புதிய கட்டுமானத்தில் ஒரு சதுர மீட்டர் தளப்பரப்புக்கு 40 முதல் 60 கிலோகிராம் வரை கழிவு உண்டாகிறது. இடிக்கும்போது கட்டடத்தின் வகையைப் பொறுத்து 300 முதல் 500 கிலோகிராம் வரை உண்டாகிறது.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சென்னையில் அரை கிரவுண்டு, அதாவது ஏறத்தாழ 111 சதுர மீட்டர் பரப்புள்ள மனையில், தளத்துக்கு 80 சதுர மீட்டர் வீதம் இரண்டு தளங்கள் கொண்ட பழைய வீடு ஒன்று உள்ளதாகக் கொள்வோம். மொத்தத் தளப்பரப்பு 160 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 500 கிலோகிராம் எனில் இடிபாடு 80 டன் ஆகும். உதிரியான இடிபாட்டின் கனமீட்டர் எடையை ஏறத்தாழ 1.3 டன் எனக் கொண்டால், இதன் கன அளவு சுமார் 60 கனமீட்டர். மனை முழுவதும் பரப்பினாலும் இது அரை மீட்டர் உயரத்துக்கு மேல் நிற்கும். 10 டன் ஏற்றும் டிப்பர் லாரிகளில் எட்டு நடைகள் தேவைப்படும். அதே மனையில் ஐந்து தளங்கள் கொண்ட புதிய அடுக்குமாடி எழுந்தால், 400 சதுர மீட்டருக்குச் சதுர மீட்டருக்கு 50 கிலோகிராம் வீதம் மேலும் 20 டன் கழிவு உண்டாகும். இக்கணக்கின்படி மொத்தக் கழிவில் ஐந்தில் நான்கு பங்கு, புதிய பணி தொடங்கும் முன்னரே வெளிப்படுகிறது.

நாடு முழுவதற்குமான மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபடுகின்றன. கட்டுமானப் பொருள் மற்றும் தொழில்நுட்ப மேம்பாட்டு மன்றத்தின் மதிப்பீடு ஆண்டுக்கு 150 மில்லியன் டன் என்பதாகும். இதில் ஏறத்தாழ 1 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சி செய்யப்படுவதாகத் தில்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020இல் கூறியது.

நெரிசலான நகரங்களில் எழும் சிக்கல்கள்

புறநகரில் பெரிய நிலப்பரப்பில் நடைபெறும் பணிகளில் ஒவ்வொரு வகைக் கழிவுக்கும் தனி இடம் ஒதுக்கலாம். நகரின் உட்பகுதியில் மனையின் எல்லை வரை கட்டடம் எழுவதால் கழிவு தெருவோரத்தில் கொட்டப்படுகிறது. அதனால் நடைபாதை மறைகிறது. மழை பெய்தால் மணலும் சாந்துத் தூளும் மழைநீர் வடிகால்களில் இறங்கிப் படிந்து அவற்றை அடைத்துவிடுகின்றன.

பல நகரங்களில் சரக்குந்துகள் பகல் நேரத்தில் நுழையத் தடை உள்ளது. எனவே கழிவு இரவில் மட்டுமே வெளியேற முடிகிறது. இரவில் செல்லும் வண்டி எங்கே கொட்டுகிறது என்பதைக் கண்காணிப்பது கடினம். அனுமதிக்கப்பட்ட இடம் தொலைவில் இருந்தால் எரிபொருளும் ஓட்டுநரின் நேரமும் கூடுதலாகச் செலவாகும். வழியில் உள்ள ஏரிக்கரை, ஓடை, காலிமனை ஆகியவற்றில் கொட்டினால் அச்செலவு மிச்சமாகும். முறையற்ற கொட்டுதலுக்கு இந்த வேறுபாடே முதன்மைக் காரணம் ஆகும்.

தூசி மற்றொரு சிக்கலாகும். கற்காரையையும் கல்லையும் வெட்டும்போதும் உடைக்கும்போதும் வெளிப்படும் நுண்ணிய சிலிக்காத் துகள்களை நீண்ட காலம் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்குச் சிலிக்கோசிசு என்னும் நுரையீரல் நோய் ஏற்படுகிறது. இது குணப்படுத்த இயலாத நோய் ஆகும்.

கட்டுமானத் தளத்தில் மேலாண்மை

கழிவைக் குறைத்தல்

உண்டாகாத கழிவை ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். ஆகவே குறைத்தலே முதற்படி ஆகும். எஃகுக் கம்பிகள் பொதுவாக 12 மீட்டர் நீளத்தில் விற்பனைக்கு வருகின்றன. 3.5 மீட்டர் நீளத் துண்டுகள் மட்டும் வெட்டினால் ஒரு கம்பியில் மூன்று துண்டுகள் போக 1.5 மீட்டர் எஞ்சும். அதாவது எட்டில் ஒரு பங்கு வீணாகும். அதே தடிமனில் 1.5 மீட்டர் துண்டு தேவைப்படும் இடத்தை வெட்டும் பட்டியலில் முன்னரே கண்டறிந்து சேர்த்துக்கொண்டால் இழப்பு இல்லை. இவ்வாறே தரைக்கல்லின் அளவுக்கு ஏற்ப அறையின் அளவை வகுத்தல், தேவையான அளவு கற்காரையை மட்டும் கலத்தல், மரப்பலகைக்கு மாற்றாகப் பலமுறை பயன்படும் எஃகு அல்லது அலுமினிய அச்சுகளைக் கையாளுதல் ஆகியவையும் கழிவைக் குறைக்கும். மின்குழாயும் நீர்க்குழாயும் செல்லும் தடங்களைச் சுவர் கட்டும் முன்பே உறுதிசெய்தால், கட்டிய சுவரை மீண்டும் உடைக்கும் தேவை குறையும்.

பிரித்து இடித்தல்

ஒரு கட்டடத்தை அது கட்டப்பட்ட வரிசைக்கு நேரெதிரான வரிசையில் கழற்றுவது பிரித்து இடித்தல் எனப்படும். முதலில் மின்விளக்கு, கம்பி, குழாய் ஆகியவையும், அடுத்து கதவு, சன்னல், கூரை ஆகியவையும் அகற்றப்படும். அதன்பின் சுவர்களும் இறுதியில் கற்காரைச் சட்டகமும் உடைக்கப்படும்.

இந்தியாவில் இடிப்பு ஒப்பந்தக்காரர்கள் நெடுங்காலமாக இதன் ஒரு பகுதியைச் செய்து வருகின்றனர். விலைபோகும் கம்பி, மரம், கதவு ஆகியவற்றை அவர்களே எடுத்துக்கொள்வர். சில வேளைகளில் அதற்காக வீட்டு உரிமையாளருக்குப் பணமும் தருவர். இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விற்கப்படுவது இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். எனினும் இம்முறை விலையுள்ள பொருளுடன் நின்றுவிடுகிறது. விலையற்ற செங்கல், சாந்து, கற்காரை ஆகியவை ஒன்றாகக் கலந்து விடப்படுகின்றன. எடையில் பெரும்பங்கு இவையே.

வெடிவைத்துத் தகர்க்கும் முறையில் பிரித்து இடித்தலுக்கு உள்ள வாய்ப்பு குறைவு. உள்ளே இருக்கும் பொருள்களை முன்னரே அகற்றலாம். சுவரும் சட்டகமும் ஒரே குவியலாக விழும். சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 சூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 61 பேர் உயிரிழந்தனர். அதன் அருகில் இருந்த மற்றொரு கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நொய்டாவில் 2022 ஆகத்து 28 அன்று தகர்க்கப்பட்ட இரட்டைக் கோபுரங்களில் இருந்து சுமார் 80,000 டன் இடிபாடு உண்டானதாக மதிப்பிடப்பட்டது. அதில் பெரும்பகுதி அக்கட்டடங்களின் நிலவறைகளை நிரப்பப் பயன்பட்டது. மற்றொரு பகுதி அந்நகரின் மறுசுழற்சி ஆலைக்குச் சென்றது. அருகிலேயே ஆலை இருந்தமையால் இது இயன்றது.

வகைபிரித்து வைத்தல்

இடம் குறைந்த தளங்களில் பின்வரும் வழிகள் கையாளப்படுகின்றன.

- ஒரே காலத்தில் எல்லாக் கழிவையும் வைக்க முயலாமல், ஒரு நாளில் ஒரு வகையை மட்டும் உடைத்து அன்றே அனுப்புதல். இடப் பற்றாக்குறையைக் கால வரிசையால் ஈடுசெய்யும் இம்முறை சிறிய மனைகளுக்கு ஏற்றது.
- சாக்குகளையோ உயர்ந்த பக்கங்கள் கொண்ட இரும்புத் தொட்டிகளையோ பயன்படுத்துதல். இவை குவியலைவிடக் குறைந்த தரைப்பரப்பை எடுத்துக்கொள்ளும்.
- மேல் தளங்களில் இருந்து கழிவை வீசி எறியாமல் மூடிய சரிவுக் குழாய் வழியாக இறக்குதல். இதனால் தூசி குறையும். குழாயின் அடியில் தொட்டியை மாற்றி வைத்து வகைபிரிக்கவும் இயலும்.
- தரைத்தளத்தின் கூரை முடிந்தவுடன் அதன் கீழ்ப்பகுதியைத் தேக்கிடமாக மாற்றுதல்.
- தூய்மையான செங்கல் உடைசல்களை அதே தளத்தில் தரையின் அடியில் இடும் நிரப்பாகப் பயன்படுத்துதல்.

தூசிக் கட்டுப்பாடு

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018 சனவரி 25 அன்று வெளியிட்ட அறிவிக்கை, கட்டுமானத் தளங்களில் தூசியைத் தடுக்கும் ஏற்பாடுகளைக் குறிப்பிடுகிறது. காற்றுத் தடுப்புகள் அமைத்தல், நீர் தெளித்தல், மணலையும் இடிபாட்டையும் மூடி வைத்தல், மூடப்படாத வண்டிகளில் ஏற்றிச் செல்லாமை, திறந்த வெளியில் கல்லையும் பிற பொருள்களையும் அரைத்தும் வெட்டியும் பணிசெய்யாமை ஆகியவை அவற்றுள் சில.

மறுசுழற்சி

ஆலையை அடையும் வண்டி முதலில் எடையிடப்படுகிறது. பெரிய கற்காரைத் துண்டுகள் இயந்திரச் சுத்தியலால் உடைக்கப்படுகின்றன. பின்னர் மரம், துணி, நெகிழி ஆகியவை கையால் பொறுக்கப்படுகின்றன. தாடை உடைப்பான் துண்டுகளைச் சிறிதாக்கும். காந்தம் கம்பித் துண்டுகளை ஈர்த்தெடுக்கும். எஞ்சியவை சலிக்கப்பட்டுப் பல அளவு ஜல்லிகளாகவும் மணலாகவும் பிரிக்கப்படும். ஈரமுறை ஆலைகளில் நீரால் கழுவிக் களிமண்ணும் நுண்தூளும் நீக்கப்படுகின்றன. கிடைக்கும் பொருளில் இருந்து நடைபாதைக் கற்கள், சாலையோர விளிம்புக் கற்கள், சுவர்க் கற்கள் ஆகியவை செய்யப்படுகின்றன. சாலையின் அடிப்படுகையிலும் இது இடப்படுகிறது.

இந்தியாவின் முதல் ஆலை தில்லியின் புராரியில் 2009இல் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 500 டன். அகமதாபாத், ஐதராபாத், பெங்களூர் முதலிய நகரங்களிலும் பின்னர் ஆலைகள் ஏற்பட்டன.

தரமும் தரநிலையும்

மறுசுழற்சி ஜல்லியின் மேற்பரப்பில் பழைய சாந்து ஒட்டிக்கொண்டிருக்கும். இச்சாந்து நுண்துளைகள் உடையது. ஆகவே இயற்கைக் கருங்கல் ஜல்லியைவிட இது பலமடங்கு நீரை உறிஞ்சும். கலவைக்கு முன் இதை நனைக்காவிட்டால் கலவையில் ஊற்றிய நீரை இது எடுத்துக்கொண்டு, கற்காரையைக் கையாள முடியாதபடி இறுக்கமாக்கிவிடும். செங்கல் கலந்த ஜல்லியின் வலிமை மேலும் குறைவு. சுவர்ப் பூச்சில் இருந்து வரும் ஜிப்சம் சல்பேட்டைச் சேர்ப்பதால் புதிய கற்காரை நாளடைவில் விரிந்து வெடிக்கக்கூடும்.

இக்காரணங்களால் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 383, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில், இரண்டு வகைப் பொருள்களை வேறுபடுத்துகிறது. தூய கற்காரையில் இருந்து பெறப்பட்ட ஜல்லியை, கம்பியில்லாக் கற்காரையில் 25 விழுக்காடு வரையும், எம்25 தரம் வரையிலான கம்பிக் கற்காரையில் 20 விழுக்காடு வரையும், எம்15க்குக் குறைந்த தரமுள்ள கற்காரையில் முழுவதுமாகவும் பயன்படுத்தலாம். செங்கல் முதலியன கலந்த இடிபாட்டில் இருந்து பெறப்பட்ட ஜல்லியைக் கடைசியாகக் கூறிய குறைந்த தரக் கற்காரையில் மட்டுமே பயன்படுத்தலாம். தளத்தில் கற்காரையும் செங்கல்லும் தனித்தனியே வைக்கப்பட்டனவா என்பதே, அக்கழிவு மீண்டும் ஒரு தூணாகுமா அல்லது தரைக்கடியில் இடும் படுகையாகுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்தியச் சட்டங்கள்

2000ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகளில் கட்டுமானக் கழிவு சிறிய அளவிலேயே குறிப்பிடப்பட்டிருந்தது. தனி விதிகள் 2016 மார்ச் 29 அன்று அறிவிக்கப்பட்டன. அவற்றின் முதன்மைக் கூறுகள் வருமாறு.

- கழிவைச் சேகரித்து, பிரித்து, தேக்கி வைக்கும் முதற்பொறுப்பு அதை உண்டாக்குபவரையே சாரும்.
- போக்குவரத்துக்கும் பொதுமக்களுக்கும் வடிகால்களுக்கும் இடையூறாகக் கொட்டுதல் கூடாது.
- ஒரே நாளில் 20 டன் அல்லது அதற்கு மேல், அல்லது ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன் கழிவை உண்டாக்குபவர், பணியைத் தொடங்கும் முன் கழிவு மேலாண்மைத் திட்டத்தை உள்ளாட்சியிடம் அளித்து ஒப்புதல் பெறவேண்டும். கற்காரை, மண், செங்கல்லும் சாந்தும், எஃகும் மரமும் நெகிழியும் எனக் கழிவைப் பிரிக்கவும் வேண்டும்.
- நகராட்சி, அரசு ஒப்பந்தங்களில் மறுசுழற்சிப் பொருளை 10 முதல் 20 விழுக்காடு அளவில் கட்டாயமாகக் கொள்முதல் செய்ய வழிவகை காணவேண்டும்.

முன்னர்க் கணக்கிட்ட 80 டன் வீட்டை இவ்வரம்புகளுடன் ஒப்பிடலாம். இயந்திரத்தால் மூன்று நாள்களில் இடித்தால் நாளொன்றுக்கு 20 டன்னைத் தாண்டும், ஒப்புதல் தேவைப்படும். ஆட்களைக் கொண்டு இரண்டு வாரங்களில் இடித்தால் இரு வரம்புகளுக்குள்ளும் அடங்கிவிடும். நகரத்தின் பெரும்பாலான தனிவீட்டு இடிப்புகள் இவ்வளவினவே. முதற்பொறுப்பு விதி அவற்றுக்கும் பொருந்தும் எனினும், முன்கூட்டியே திட்டம் கேட்கப்படுவதில்லை.

2025 ஏப்ரலில் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. இவை 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் வகையில் இயற்றப்பட்டவை. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள திட்டங்களுக்கு, உற்பத்தியாளரின் விரிவுபடுத்தப்பட்ட பொறுப்பு என்னும் கோட்பாட்டையும், படிப்படியாக உயரும் மறுசுழற்சி இலக்குகளையும் இவ்விதிகள் விதிக்கின்றன.

தமிழ்நாட்டில்

சென்னை

சென்னையில் கட்டடக் கழிவு கொட்டப்பட்ட இடங்களுள் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் குறிப்பிடத்தக்கது. ஒரு காலத்தில் ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருந்த இச்சதுப்புநிலம் குப்பைமேடு, சாலைகள், கட்டடங்கள், இடிபாடுகளால் நிரப்பப்பட்ட பகுதிகள் ஆகியவற்றால் பெரிதும் சுருங்கியது. தென்சென்னையின் பல ஏரிகளில் இருந்து வழியும் நீர் இங்குத் தேங்கி, ஒக்கியம் மடு வழியாகக் கடலை நோக்கிச் செல்கிறது. 2015 திசம்பர் வெள்ளத்தில் இதனைச் சுற்றியுள்ள பகுதிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. 2022இல் 1,248 ஹெக்டேர் பரப்பு ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வீட்டுக் குப்பையைப் போலன்றி இடிபாடு மக்குவதில்லை. ஈரநிலத்தில் கொட்டப்பட்ட ஒவ்வொரு நடையும், தோண்டி எடுக்கப்படும் வரை அந்த அளவு நீருக்கான இடத்தை நிலையாகப் பறித்துக்கொள்கிறது.

சென்னை மாநகராட்சி பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவை உடைத்துப் பிரிக்கும் ஆலைகளை ஏற்படுத்தியுள்ளது. 2025இல் கட்டுமானத் தளங்களுக்கான நெறிமுறைகளையும் தண்டத் தொகைகளையும் அறிவித்தது.

நெரிசலான தெருவில் இடிப்பதன் கடினத்துக்கு, தியாகராய நகரில் 2017 மே 31 அன்று தீப்பிடித்த துணிக்கடைக் கட்டடம் எடுத்துக்காட்டாகும். கடைகள் அடர்ந்த உசுமான் சாலையில் இருந்த அக்கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்படாமல் நீண்ட கையுடைய இயந்திரங்களால் சிறிதுசிறிதாக இடிக்கப்பட்டது.

ஓசூர் – தளி எல்லைப் பகுதி

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகள் 2004இல் தருமபுரியில் இருந்து பிரிக்கப்பட்ட கிருட்டிணகிரி மாவட்டத்தில் அடங்குகின்றன. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்ததில் இருந்து ஓசூர் வேகமாக வளர்ந்து, 2019இல் மாநகராட்சி ஆனது. பெங்களூரில் இருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்திருப்பதால் அந்நகரின் வளர்ச்சியும் இப்பகுதியைப் பாதிக்கிறது. கட்டுமானக் கழிவைப் பொறுத்தவரை இப்பகுதிக்கு நான்கு தனித்தன்மைகள் உள்ளன.

முதலாவது, இது கல் தோண்டப்படும் இடமாகவும் உள்ளது. மாவட்டத்தில் கருங்கல் குவாரிகளும் கிரஷர்களும் மிகுதி. இங்கு உடைக்கப்படும் ஜல்லியும் எம்-சாண்டும் உள்ளூருக்கும் பெங்களூருக்கும் செல்கின்றன. குவாரி அருகில் இருப்பதால் புதிய ஜல்லியின் ஏற்றுக்கூலி குறைவு. ஆகவே மறுசுழற்சி ஜல்லி விலையில் போட்டியிட முடிவதில்லை. குவாரியில் இருந்து தொலைவு கூடக்கூடப் புதிய ஜல்லியின் விலை உயர்வதால், மறுசுழற்சிக்கான சந்தை பெருநகரின் நடுவில் வலுவாகவும், கல் விளையும் மாவட்டத்தில் வலுக்குறைந்தும் காணப்படும்.

இரண்டாவது, கைவிடப்பட்ட குவாரிப் பள்ளங்கள். மண், கற்காரை போன்ற மாற்றமுறாப் பொருள்களால் இவற்றை முறையாக நிரப்பலாம். ஆனால் வேறு கழிவும் சேர்ந்தால் பாறை வெடிப்புகள் வழியாக நிலத்தடி நீர் கெடும். பெங்களூரின் வடக்கே மிட்டகானஹள்ளி முதலிய இடங்களில் குவாரிப் பள்ளங்கள் நகரக் குப்பை கொட்டப் பயன்பட்டபோது சுற்றுப்புற மக்களின் எதிர்ப்பு எழுந்தது. எனவே நிரப்பும் முன் வகைபிரித்தல் இங்கு இன்றியமையாததாகும்.

மூன்றாவது, நிருவாக எல்லை. 2016ஆம் ஆண்டின் விதிகள் பொறுப்பை முதன்மையாக நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் அளித்தன. தளி ஒன்றியத்தில் உள்ளவை போன்ற ஊராட்சிகளுக்கு இப்பணி தனியே ஒப்படைக்கப்பட்டால் மட்டுமே அவை இவ்விதிகளின்படியான உள்ளாட்சி ஆகும். மாநகராட்சி எல்லையையோ மாநில எல்லையையோ தாண்டிவிட்ட வண்டி, அதை அனுப்பிய நகரத்தின் கண்காணிப்பில் இருந்து விலகிவிடுகிறது. ஆனால் நீர் இவ்வெல்லைகளுக்குக் கட்டுப்படுவதில்லை. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நீர் தென்பெண்ணையில் கலந்து ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அவ்வேரிகளின் கரைகளில் கொட்டப்பட்ட இடிபாடுகளும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கவனத்துக்கு வந்தவை.

நான்காவது, தொழிற்கூடங்கள். பழைய தொழிற்கூடம் ஒன்றை இடிக்கும்போது, கல்நார்க் கூரைத் தகடுகளும் பல்லாண்டுகளாக எண்ணெய் ஊறிய தரைக் கற்காரையும் கிடைக்கலாம். எண்ணெய் ஊறிய பகுதியைத் தனியே வெட்டியெடுத்துச் சோதித்த பின்னரே அகற்றவேண்டும். அதைப் பொது இடிபாட்டுடன் கலப்பது மறுசுழற்சிக்கும் நீர்நிலைக்கும் கேடாகும்.

பிற நாடுகளில்

ஆங்காங்கில் கட்டுமானக் கழிவுக்கான கட்டண முறை 2005 திசம்பரில் நடைமுறைக்கு வந்து, 2006 சனவரியில் கட்டணம் பெறப்படலாயிற்று. அப்போது மண்ணும் கல்லும் மட்டுமே கொண்ட தூய கழிவுக்கு டன்னுக்கு 27 ஆங்காங் டாலரும், அவை பாதிக்கு மேல் உள்ள கலப்புக் கழிவுக்கு 100 டாலரும், பிற கலப்புக் கழிவுக்கு 125 டாலரும் விதிக்கப்பட்டன. 2017இல் இவை முறையே 71, 175, 200 டாலர்களாக உயர்த்தப்பட்டன. மக்கள் நெருக்கம் மிகுந்த நகரில், பிரித்து அனுப்புவதே மலிவானது என்னும் நிலையை இக்கட்டணம் உண்டாக்கியது.

சப்பான் 2000இல் கட்டுமானப் பொருள் மறுசுழற்சிச் சட்டத்தை இயற்றியது. 80 சதுர மீட்டரும் அதற்கு மேலும் தளப்பரப்புள்ள கட்டடத்தை இடிப்பவர் கற்காரை, நிலக்கீல் கற்காரை, மரம் ஆகியவற்றைத் தளத்திலேயே பிரிப்பதை இச்சட்டம் கட்டாயமாக்கியது. ஒரு சிறிய வீடுகூட இவ்வரம்புக்குள் வந்துவிடும். நிலப்பரப்பு குறைந்த சிங்கப்பூரில் இடிபாடுகள் ஏறத்தாழ முழுவதும் மீட்கப்படுகின்றன.

தடைகளும் தீர்வுகளும்

இந்திய நகரங்களில் மறுசுழற்சி ஆலைகள் அமைந்த பின்னரும் அவற்றுக்குத் தூய கழிவு போதிய அளவில் வருவதில்லை என்பதும், உற்பத்தியாகும் பொருளை வாங்குவோர் குறைவு என்பதும் தொடர்ந்து சுட்டப்படும் குறைகளாகும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. கலந்து வரும் கழிவில் இருந்து தரமான ஜல்லி கிடைப்பதில்லை. தரம் குறைந்த ஜல்லியைப் பொறியாளர்கள் ஏற்பதில்லை. விற்பனை இல்லாத ஆலை, கழிவைப் பெறுவதற்குக் கட்டணம் கேட்கிறது. கட்டணத்தைத் தவிர்க்க விரும்பும் வண்டி ஏரிக்கரைக்குச் செல்கிறது.

இச்சுழற்சியை மாற்றப் பல வழிமுறைகள் கூறப்படுகின்றன. இடிப்பு அனுமதியுடன் கழிவு செல்லும் இடத்தையும் பதிவு செய்தல், ஆலையின் எடைச்சீட்டைக் காட்டிய பின்னரே கட்டட நிறைவுச் சான்று வழங்குதல், கலப்புக் கழிவுக்குக் கூடுதல் கட்டணம் விதித்தல், வட்டந்தோறும் சிறு தேக்கிடங்கள் அமைத்தல், அரசுப் பணிகளில் மறுசுழற்சிப் பொருளைக் கட்டாயமாக்குதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். பெரிய திட்டங்களுக்கு மட்டும் இவை பொருந்தினால் பயன் குறைவு. நகரங்களில் நாள்தோறும் இடிக்கப்படும் சிறு வீடுகள் தனித்தனியே எந்த வரம்பையும் எட்டாவிட்டாலும், ஒன்றாகச் சேர்ந்து பெரும் அளவாகின்றன. 80 டன் கழிவுள்ள ஒரு வீட்டுக்கு, எட்டு நடைகளில் எவை கற்காரை, எவை செங்கல் என்பதை முன்னரே முடிவு செய்து இடிப்பதற்குப் பெரிய இயந்திரமோ கூடுதல் நிலமோ தேவைப்படுவதில்லை. இடிக்கும் வரிசையை மட்டும் மாற்றினால் போதுமானது.